அமெரிக்கரின் பெட்ரோல் கணக்கு

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின், கார்களின் சராசரி எரிபொருள் சிக்கனத்துக்கு வரையறை விதிக்கும் சட்டத்தை 1975-இல் அமெரிக்கா இயற்றியது. கார்கள் சிக்கனமாயின, ஆனால், இலகு ரக டிரக்குகளுக்குத் தளர்வு தரப்பட்டது. அந்தச் சலுகையின் நிழலில் எஸ்யுவிக்களும் பிக்-அப்களும் பெருகின. மத்திய அரசின் பெட்ரோல் வரியோ, 1993 முதல் காலனுக்கு 18.4 சென்ட்டிலேயே நிற்கிறது. வரையறையை எட்டாத நிறுவனங்களுக்கான அபராதமும் 2025-இல் பூஜ்ஜியமாக்கப்பட்டது.

ஆண்டுக்கு 10,000 மைல் ஓடும் வாகனம், காலனுக்கு 10 மைலிலிருந்து 20 மைலுக்கு உயர்ந்தால் 500 காலன் மிச்சமாகும். 20-லிருந்து 40-க்கு உயர்ந்தால் 250 காலன்தான். எனவே, முதலில் அடக்க வேண்டியது பெருந்தீனி வாகனங்களின் பசியையே என்பேன். இன்று அவற்றை வாங்குவோர் வசதி படைத்தோர். நாளை அவை பழைய வண்டிச் சந்தைக்கு வரும்போது, எரிபொருள் செலவைச் சுமக்கப்போவது எளியவர்களே.