கதிரையைக் கொஞ்சம் நிமிர்த்துங்கள்

பல் வைத்தியரிடம் போக ஏன் பயம் என்று திருகோணமலையில் யாரைக் கேட்டாலும் ஊசி என்பார்கள், வலி என்பார்கள். கொஞ்சம் இருந்து கதைத்தால்தான் அடியில் கிடப்பது வெளியே வரும். "படுக்க வச்சு வாய்க்குள்ள தண்ணி அடிக்கேக்க எனக்கு மூச்சு முட்டுது." வலிக்கும் என்று சொல்ல எவரும் கூச்சப்படுவதில்லை. மூச்சு முட்டுகிறது என்று சொல்லத்தான் பெரியவர்கள் கூச்சப்படுகிறார்கள். சொல்லாமலே கராம்பு, பனடோல், உப்புத் தண்ணீர் என்று மாதக்கணக்கில் ஓட்டிவிட்டு, கன்னம் வீங்கிய பிறகு பல்லைப் பிடுங்கக் கொடுக்கிறார்கள். நேரத்தோடு போயிருந்தால் நிரப்பியே காப்பாற்றியிருக்கலாம்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு சுழியோடி அண்ணை இருக்கிறார். சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு சங்குக்கும் கடலட்டைக்கும் வெளிக்கடலில் அறுபது அடிக்குக் கீழே இறங்குபவர். அவருடைய கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றில் பழைய நிரப்பல். கரையில் ஒன்றும் செய்யாத அந்தப் பல், கடலுக்குள் இறங்க இறங்க இடிக்கும். மேலே வந்தால் அடங்கும். நிரப்பலுக்கு அடியில் சிறிதளவு காற்று சிக்கியிருந்தால் இப்படி நடக்கும். பத்து மீற்றர் ஆழத்திலேயே அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்காகிவிடுகிறது. சுழியோடிகளும் விமானிகளும் நன்றாக அறிந்த வலி இது. தொழிலே நின்றுபோகும் என்ற நிலை வந்த பிறகுதான் அண்ணை பல் வைத்தியரிடம் போனார். கதிரையைச் சாய்த்து விளக்கை முகத்துக்கு நேரே இழுத்ததும் எழுந்து வந்துவிட்டார்.

"கடலுக்குள்ள காத்து என்ட கையில. அங்க என்ட வாயே என்ட கையில இல்ல" என்றார்.

இதைவிடத் தெளிவாக இந்தப் பயத்தை வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை. அவருக்குக் காற்று குறையவில்லை. எப்போது மூச்சு எடுப்பது, எப்போது நிறுத்துவது என்பது அவர் வசம் இல்லாமல் போய்விட்டது. பிறகு வேறொரு வைத்தியர் அவரை முழுவதும் படுக்க வைக்காமல் பாதி சாய்த்து வைத்தே வேலை செய்தார். எச்சில் உறிஞ்சும் குழாயை அண்ணையின் கையிலேயே கொடுத்தார். இடக் கையை உயர்த்தினால் அந்த இடத்திலேயே நிறுத்துவேன் என்று சொல்லி, முதல் தரம் கை உயர்ந்தபோது உண்மையாகவே நிறுத்தினார். அதன் பிறகு அந்தக் கை அதிகம் உயரவில்லை. பழைய நிரப்பல் எடுக்கப்பட்டு, பல் சுத்தமாக்கப்பட்டு, புதிதாக நிரப்பப்பட்டது. அண்ணை இப்போது கடலில்.

கதிரையில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டாலே பயத்தில் ஒரு பங்கு குறையும் என்பது என் நம்பிக்கை. வாய் திறந்திருக்க, உள்ளே தண்ணீர் தேங்கும்போது நாக்கின் அடியும் மெல்லண்ணமும் ஒன்றோடொன்று பொருந்தித் தொண்டையை மறித்துக்கொள்ளும். தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க உடம்பு தானே செய்யும் ஏற்பாடு அது. மூச்சு அந்த நேரத்தில் மூக்கு வழியாக ஓடும். தடிமன் பிடித்து மூக்கடைத்திருந்தால் அந்த வழியும் இல்லை. அவசரமில்லாத வேலை என்றால் தடிமன் மாறிய பிறகு போவது நல்லது. விறைப்பூசி அண்ணத்தின் பின்பக்கம் வரை பரவினால் தொண்டை தடித்து அடைத்ததுபோல் தோன்றும், விழுங்குவது தெரியாது. காற்று போகும் பாதை அப்போதும் திறந்துதான் இருக்கும். அது திறந்திருப்பதை உணரும் உணர்ச்சி மட்டும் விறைத்துப்போயிருக்கும்.

அந்த ஊசி மருந்தில் அநேகமாக அட்ரினலினும் சேர்ந்திருக்கும். இரத்தக் கசிவைக் குறைக்கவும் விறைப்பு நீடிக்கவும் லிக்னோகெயினோடு 80,000க்கு ஒரு பங்கு என்ற அளவில் கலப்பது வழக்கம். சிலருக்கு ஊசி போட்டவுடன் நெஞ்சு படபடப்பது இதனால்தான். சில நிமிடங்களில் அடங்கிவிடும். பயந்த உடம்பு தன் பங்குக்கும் அட்ரினலினைச் சுரக்கும். படபடப்பைக் கண்டு பயந்து வேகவேகமாக மூச்சு வாங்கத் தொடங்கினால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைகிறது. விரல் நுனிகளிலும் உதட்டைச் சுற்றியும் கூசும், நெஞ்சு இறுகும், காற்று போதவில்லை என்று இன்னும் வேகமாக மூச்சு வாங்குவோம். அந்த நேரத்தில் கதிரையை நிமிர்த்தச் சொல்லி, மூக்கால் மெதுவாக எடுத்து, எடுத்ததைவிட நீளமாக விட வேண்டும். விடுவதில்தான் குணம் இருக்கிறது. கடுதாசிப் பையை முகத்தில் பிடிக்கும் பழைய வழக்கத்தை இப்போது வைத்தியர்கள் பரிந்துரைப்பதில்லை. முட்டு வருத்தமோ இருதய வருத்தமோ உள்ளவருக்கு அது ஆபத்து.

எல்லாவற்றையும் பயத்தின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. மூச்சில் விசில் சத்தம், உதடும் முகமும் வீங்குவது, உடம்பில் தடிப்பு, நெஞ்சை அழுத்தும் வலி என்றால் உடனே சொல்ல வேண்டும். முட்டுக்காரர் பம்பைக் கையோடு கொண்டுபோக வேண்டும். வீட்டிலேயே மல்லாக்கப் படுத்தால் மூச்சு வாங்குபவர் பல்லுக்குப் போகும் முன் இருதயத்தைக் காட்டிக்கொள்வது நல்லது.

உப்புவெளியில் எனக்குப் பழக்கமான ஓர் அக்கா. 2004 டிசம்பர் 26 அன்று கடல் அவரை வீட்டோடு இழுத்துப்போய் வேலியில் விட்டது. பல் சுத்தம் செய்ய ஒரு முறை போனார். தண்ணீர் தொண்டைக்குள் வழிந்ததும், "அண்டைக்குக் குடிச்ச தண்ணி மாதிரியே இருந்திச்சு தம்பி" என்று சொன்னார். அதற்குமேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கண்ணைக் கட்டி, மல்லாக்கக் கிடத்தி விசாரிக்கப்பட்டவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். முகத்துக்கு நேரே வெளிச்சம், மேலே குனிந்து நிற்கும் ஆள், பேச முடியாத வாய். சித்திரவதைக்குள்ளானவர்களுக்குப் பல் வைத்தியரின் கதிரை பழையதைக் கிளறிவிடும் என்பது அவர்களைப் பராமரிப்பவர்கள் பதிவு செய்திருக்கும் உண்மை. இவர்களிடம் "பயப்பிடாதீங்க, ஒண்டும் இல்ல" என்று சொல்வது எந்தப் பயனும் தராது. அவர்கள் வேண்டுவது, நிறுத்து என்றால் நிற்கும் என்ற உறுதி. உயர்த்திய கைக்குத் தமிழும் தெரிய வேண்டாம், சிங்களமும் தெரிய வேண்டாம். முகக்கவசம் போட்ட வைத்தியரும் வாய் திறந்த நோயாளியும் வேறு வேறு மொழிக்காரராக இருக்கக்கூடிய எங்கள் மாவட்டத்தில் இது சின்ன விஷயமே இல்லை.

கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்தின் உதவியோடு மஹரகமவில் பாடசாலைப் பல் தாதியருக்கான பயிற்சி தொடங்கிய காலத்திலிருந்து, நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே பல் பார்க்கிறார்கள். முதலில் சொல்லி, பிறகு கருவியைக் காட்டி, அதன் பிறகே செய்வது பிள்ளைகளுக்கென்று வகுத்த முறை. ஐம்பது வயதுக்காரருக்கும் அதே பொறுமை தேவைப்படுகிறது. தரத் தயங்க வேண்டியதில்லை.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் உண்டு. இரவிரவாகக் கடலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பவர்கள் நிறைந்த கரை இது. இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியான ஒன்று. வாய்க்குள் தோன்றும் வெள்ளைத் திட்டையும் சிவப்புத் திட்டையும் முதலில் காணக்கூடியவர் பல் வைத்தியர்தான். மூச்சுக்குப் பயந்து அவரிடம் போகாதவருக்கு அந்த வாய்ப்பும் போகிறது. இன்னொன்றும் இருக்கிறது. 1836 இல் வில்ஹெல்ம் ஃபிரெடெரிக் ஃபொன் லுட்விக் என்ற ஜெர்மன் வைத்தியர் எழுதிவைத்த நோய். கவனிக்காமல் விட்ட கீழ்க் கடைவாய்ப் பல்லின் கிருமி நாக்கின் அடிக்கும் கழுத்துக்கும் பரவி, நாக்கை மேலே தள்ளி, மூச்சுப் பாதையை உண்மையாகவே அடைக்கும். தாடையின் அடி கல்லாக வீங்கி, காய்ச்சலோடு எச்சிலை விழுங்க முடியாமல் வழிந்தால் பல் கிளினிக்கில் நம்பருக்குக் காத்திருக்கக் கூடாது. 1990க்கு அழைத்து அம்புலன்ஸில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். கதிரைக்குப் பயந்தவரை அந்த மூச்சுத் திணறல் வீட்டில் வைத்துப் பிடிப்பதைத்தான் நான் அஞ்சுகிறேன்.

பயத்தை அளக்க ஒரு வழி எப்போதோ வந்துவிட்டது. 1969 இல் நோர்மன் கோரா நான்கு கேள்விகளை அமைத்தார். 1995 இல் ஜெரி ஹம்ஃபிரிஸும் அவரோடு சேர்ந்தவர்களும் ஊசி பற்றிய ஐந்தாவதைச் சேர்த்தார்கள். நாளைக்குப் பல் வைத்தியரிடம் போக வேண்டும் என்றால் எப்படி இருக்கும், காத்திருக்கும்போது எப்படி இருக்கும், பல்லைக் குடையப் போகிறார்கள் என்றால், சுத்தம் செய்யப் போகிறார்கள் என்றால், ஊசி போடப் போகிறார்கள் என்றால். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி. கூட்டி 19 அல்லது அதற்கு மேல் வந்தால் கடும் பயம். சென்னையில் சோதித்துப் பார்த்த தமிழ் வடிவம் 2012 இல் வெளியானது. நிரப்பிய தாளை வைத்தியரின் கையில் கொடுத்தவர்களுக்குச் சிகிச்சை முடியும்போது பதற்றம் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்திருந்தது என்று பிரித்தானிய ஆய்வொன்று 2002 இல் காட்டியது. வைத்தியருக்குத் தெரியும் என்பதே நோயாளிக்குப் பாதி ஆறுதல்.

அந்த ஐந்தில் மூச்சு பற்றி ஒரு கேள்வியும் இல்லை. எங்கள் கிளினிக்குகளில் ஆறாவதாக ஒன்றைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறேன்: மல்லாக்கப் படுத்தால், வாயில் தண்ணீர் நின்றால், உங்களுக்கு மூச்சு முட்டுமா? துண்டு எடுத்து வாங்கில் காத்திருக்கும் நேரத்தில் இரண்டு நிமிடத்தில் நிரப்பிவிடலாம். எழுத வாசிக்கத் தெரியாதவருக்குத் தாதி வாசித்துக் காட்டலாம். தாளின் ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் சிங்களமும் இருந்தால், எங்கிருந்து மாற்றலாகி வந்த வைத்தியரானாலும் கதிரையை எவ்வளவு சாய்க்கலாம் என்பதை நோயாளி உட்காருமுன்பே அறிந்திருப்பார்.