பருவக் கட்டுரை: வார்ப்புருவும் வாதமும்

முதுகலைத் தமிழ் மாணவர் பருவந்தோறும் எழுதித் தரும் கட்டுரைக்குத் துறைகள் ஒரு வார்ப்புருவை வழங்கி வருகின்றன. முன்னுரை, ஆய்வு நோக்கம், ஆய்வு எல்லை, கருதுகோள், முன்னாய்வுகள், அணுகுமுறை, பகுப்பாய்வு, முடிவுரை, துணைநூற்பட்டியல் என்பது அதன் வரிசை. இத்தலைப்புகள் நிரப்பப்பட்டால் கட்டுரை அமைந்துவிட்டதாகவே மாணவரும் மதிப்பிடுவோரும் கொள்கின்றனர். தலைப்புகளின் வரிசையைக் கட்டுரையின் கட்டமைப்பாகக் கருதும் இவ்வழக்கம் மாற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இதனை இப்போது வலியுறுத்தக் காரணம் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட ஒழுங்குமுறைகள் ஆய்வியல் நிறைஞர் பட்டத்தை நிறுத்தின. அதுவரை முதுகலைக்கும் முனைவர் பட்டத்திற்கும் இடையில் சிற்றாய்வேடு ஒன்றை எழுதிப் பார்க்கும் வாய்ப்பு இருந்தது. மேற்கோளாட்சி, அடிக்குறிப்பு, இயல் பகுப்பு ஆகியவற்றில் பிழை செய்து திருத்திக்கொள்ளும் களமாகவும் அது விளங்கியது. அப்படிநிலை நீங்கிய பின்னர், ஆய்வெழுத்தைப் பயிற்றும் பொறுப்பின் பெரும்பகுதி பருவக் கட்டுரையின்மீதே விழுந்துள்ளது. அது சடங்காகவே நீடிக்குமாயின், மாணவர் தம் முதற் பிழைகளை முனைவர் பட்ட ஆய்வேட்டிலேயே செய்ய நேரிடும்.

மதிப்பீட்டின்போது யான் கண்ட கட்டுரை ஒன்றைச் சான்றாகக் கூறலாம். அதன் தலைப்பு, குறுந்தொகையில் தோழியின் பங்கு என்பது. அகவாழ்வில் தோழி முதன்மையான இடம் பெறுகிறாள் என்பது கருதுகோளாகத் தரப்பட்டிருந்தது. அதே தொடர் சிறு மாற்றத்துடன் முடிவுரையிலும் இடம்பெற்றது. இடைப்பட்ட பக்கங்களில் தோழி கூற்றுப் பாடல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொருள் எழுதப்பட்டிருந்தன. வார்ப்புருவின் ஒரு தலைப்பும் விடுபடவில்லை. ஆயினும் அங்கே ஆய்வு தொடங்கவே இல்லை. எவரும் மறுக்க இயலாத ஒன்று கருதுகோள் ஆகாது. சான்றுகள் வேறுவகையாக அமைந்திருப்பின் பொய்த்துப்போகக்கூடிய கூற்றே கருதுகோள்.

அம்மாணவரின் பொருளிலேயே நல்லதொரு வினா மறைந்திருந்தது. ஒரு பாடலைத் தோழி கூற்று என்று எதனைக் கொண்டு துணிகிறோம்? பாடலின் சொற்களைக் கொண்டா, பாடலோடு வழங்கிவரும் கூற்றுக் குறிப்பைக் கொண்டா? கூற்றுக் குறிப்புகள் பாடலாசிரியர் எழுதியவை அல்ல, பின்னர்ச் சேர்ந்தவை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. குறிப்பை நீக்கிப் படித்தால் எத்தனைப் பாடல்கள் தோழிக்கே உரியனவாக நிற்கும் என்று அவர் எண்ணிப் பார்த்திருந்தால், பத்துப் பக்கங்களுக்குப் போதுமான வாதம் கிடைத்திருக்கும். அவ்வாறாயின் உட்தலைப்புகளும் வினாவிலிருந்தே பிறந்திருக்கும்: பாடலின் அகச்சான்றால் துணியத்தக்கவை, குறிப்பால் மட்டும் துணியப்படுபவை, இரண்டும் முரண்படுபவை.

வார்ப்புருவின் உறுப்புகள் நமக்குப் புதியனவும் அல்ல. நூலின் தொடக்கத்தில் எவை கூறப்பட வேண்டும் என்பதைத் தமிழ் இலக்கண மரபு பாயிரத்தின்கண் வகுத்துள்ளது. ஆக்கியோன், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டனுள் வழி என்பது முன்னாய்வுகளோடும், எல்லை என்பது ஆய்வு எல்லையோடும், பயன் என்பது நோக்கத்தோடும் நெருங்கி நிற்கின்றன. இவை முற்றும் ஒன்றே என்பது என் வாதமன்று. நூல் வழங்கும் நிலமும் ஆய்வெல்லையும் வேறு வேறு. ஆனால், வழி கூறுதல் என்பது முன்னோர் பெயர்களை அடுக்குதல் அன்று. எவர் வழியில் வருகிறேன், எவ்விடத்தில் விலகுகிறேன் என்று அறிவித்தலாகும். முன்னாய்வுகள் என்னும் பகுதி இப்பொருளில் எழுதப்பட்டால் நூற்பெயர்ப் பட்டியலாகத் தேயாது.

நன்னூல் பொதுப்பாயிரம் கூறும் பத்துக் குற்றங்களையும் மதிப்பீட்டு அளவுகோலாகக் கொள்ளலாம். கருதுகோளை முடிவுரையில் மீள எழுதுவது கூறியது கூறல். தோழியைப் பற்றிய கட்டுரையில் சங்க கால வரலாற்றை நான்கு பக்கம் எழுதுவது மற்றொன்று விரித்தல். விரிவான முன்னுரையோடு தொடங்கி ஒரு பத்தியில் முடிந்துபோவது சென்று தேய்ந்திறுதல். கட்டுரை நன்றாக இல்லை என்று பொதுப்பட எழுதுவதைவிட இக்குற்றங்களுள் ஒன்றைச் சுட்டி எழுதினால் மாணவர் தாமே திருத்திக்கொள்வர்.

வடிவ நெறிகளுள் முதன்மையானது பதிப்பைச் சுட்டுதல். மேற்கண்ட கட்டுரையில் உரையாசிரியர் கூறுவர் என்னும் தொடர் பலமுறை வந்தது. குறுந்தொகைக்குப் பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் எழுதியதாக அறியப்படும் உரை இன்று கிடைக்கவில்லை. சௌரிப்பெருமாள் அரங்கன் 1915இலும் உ.வே. சாமிநாதையர் 1937இலும் உரையுடன் பதிப்பித்தனர். பின்னரும் உரைகள் வந்துள்ளன. ஆகவே உரையாசிரியர் என்னும் பொதுச்சொல், இருபதாம் நூற்றாண்டுக் கருத்தொன்றுக்குப் பழைமையின் மதிப்பை ஏற்றிவிடுகிறது. பாடல் எண், அடி எண், பதிப்பாசிரியர் பெயர், பதிப்பாண்டு ஆகிய நான்கும் தரப்படாத மேற்கோளைச் சரிபார்க்க இயலாது. பாடவேறுபாடு உள்ள இடத்தில் எப்பாடம் கொள்ளப்பட்டது என்பதும் கூறப்பட வேண்டும்; அதன்மேல் எழுப்பப்படும் வாதமே மாறக்கூடும்.

அடுத்தது துணைநூற்பட்டியல். குடும்பப் பெயரை முன்னிறுத்தும் அயல்நாட்டு நடைமுறையை அப்படியே மேற்கொள்வதால் தமிழ்ப் பெயர்கள் குழப்பத்திற்கு உள்ளாகின்றன. தமிழ்ப் பெயர்களில் முன்னெழுத்து பெரும்பாலும் ஊரையோ தந்தையையோ குறிக்கும். இயற்பெயரே ஆளைக் குறிக்கும். எனவே சாமிநாதையர், உ.வே. என்று இயற்பெயரை முன்வைத்து, தமிழ் அகரவரிசையில் அடுக்குவதே பொருந்தும். புனைபெயரால் அறியப்பட்டவரைப் புனைபெயரிலேயே தரலாம், புதுமைப்பித்தனைச் சொ. விருத்தாசலம் என்று தேடுவோர் அரியர். முதன்மை மூலங்களும் துணைமை மூலங்களும் தனித்தனியே அமைதல் வேண்டும். எந்நெறியைக் கொண்டாலும் கட்டுரை முழுதும் அதனையே பின்பற்றுதல் இன்றியமையாதது.

இக்கருத்துக்கு ஒரு மறுப்பு எழலாம். குடும்பத்தில் முதன்முதலாக உயர்கல்விக்கு வரும் மாணவருக்கு நிலையான வார்ப்புரு கைப்பிடியாக உதவுகிறது, அதனை நீக்கினால் அவர் தடுமாறுவார் என்பது அது. இம்மறுப்பில் உண்மை உண்டு. ஆதலின் வார்ப்புருவை முற்றும் நீக்குமாறு யான் கூறவில்லை. அதனைக் கட்டுரைக்குள் தலைப்புகளாக இடாமல், எழுதி முடித்தபின் சரிபார்க்கும் பட்டியலாகக் கொள்ளலாம். மேலும், வார்ப்புருவை மட்டும் தந்து வினா எழுப்பக் கற்பிக்காமல் விடுவதால் மிகுதியும் இழப்பவர் அம்மாணவரே. வேறிடத்தில் அதனைக் கற்கும் வாய்ப்பு அவருக்குக் குறைவு.

துறைகள் உடனே செய்யத்தக்கவை மூன்று. பருவத்தின் நான்காம் வாரத்திற்குள் மாணவர் தம் வினாவையும், அதற்குத் தாம் எதிர்பார்க்கும் விடையையும், அவ்விடையைப் பொய்ப்பிக்கக்கூடிய சான்று எது என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதித் தர வேண்டும். முதல் வரைவுக்கு மதிப்பெண் இடாமல் குறிப்புரை மட்டும் வழங்கித் திருத்த வரைவுக்கே மதிப்பெண் இட வேண்டும். மேற்கோள்களுள் ஐந்தினை மதிப்பிடுவோர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இவற்றுக்குப் புதிய நிதியோ கருவியோ வேண்டியதில்லை; ஆசிரியரின் நேரம் வேண்டும். ஆய்வியல் நிறைஞர் ஆய்வேடுகளுக்கு நாம் முன்னர் ஒதுக்கிய நேரத்தில் ஒரு பகுதியைப் பருவக் கட்டுரைக்குத் திருப்பினாலே இதனைத் தொடங்கிவிடலாம்.