பாட்டின் பெயரும் பாட்டின் வரியும்

கதாநாயகன் பஜாஜ் ஸ்கூட்டரில் வரலாமா, கோல்ட் ஸ்பாட் குடிக்கலாமா என்று நடுங்கும் நாவலாசிரியர்கள் இருக்கிறார்கள். தாராளமாகக் குடிக்கட்டும். வணிகச் சின்னச் சட்டம் காவல் காப்பது சந்தையை. அந்தப் பெயரில் நீங்கள் சரக்கு விற்காதவரை கதையில் அதைச் சொல்வதில் தவறில்லை. (பாட்டிலில் பல்லி கிடந்ததாக எழுதினால் விவகாரம் வேறு, அது அவதூறு வழக்கின் வாசல்.) பாட்டின் பெயரும் அப்படித்தான். தலைப்புக்கு மட்டும் தனியே பதிப்புரிமை கிடையாது என்று 2015இல் ‘தேசி பாய்ஸ்’ பட வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வம்பு வரிகளில்தான். கண்ணதாசன் மறைந்தது 1981இல். மறைவுக்குப் பின் 60 ஆண்டு என்ற கணக்கில் அவர் பாடல் வரிகளுக்கு 2041 முடியும்வரை உரிமை இருக்கிறது. அது வாரிசிடமா, இசை நிறுவனத்திடமா என்பது பாட்டுக்குப் பாட்டு மாறும். விமர்சனக் கட்டுரையில் நாலு வரி காட்டிப் பேசப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அத்தியாயத்தின் நெற்றியில் அழகுக்குப் பொட்டு வைப்பது விமர்சனமாகாது. ‘இரண்டு வரி வரை இலவசம்’ என்று பதிப்பக வட்டாரத்தில் ஒரு நம்பிக்கை உலவுகிறது. சட்டத்தில் அப்படியொரு எண்ணே இல்லை. எழுதிக் கேட்டு அனுமதி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பெயரை மட்டும் சொல்லி டீக்கடை ரேடியோவில் ஓடவிடுங்கள், வாசகரே பாடிக்கொள்வார். வரியேதான் வேண்டுமென்று அடம்பிடிப்பவர்களுக்குப் பாரதி இருக்கிறார். அவர் பாடல்கள் எப்போதோ பொதுச்சொத்து.