எந்தச் சாலையில் ஓட்டலாம்?

எங்கள் இதயநோய்ப் பிரிவில் ஸ்டென்ட் பொருத்திக்கொண்டு வீடு திரும்புவோருக்கு நாங்கள் வழங்கும் அறிவுரைச் சீட்டில் பல ஆண்டுகளாக ஒரு வரி இருந்துவந்தது: ‘பளு தூக்குவதையும் சைக்கிள் ஓட்டுவதையும் தவிர்க்கவும்.’ எத்தனை வாரங்களுக்கு என்று அதில் இல்லை. எழுதியவர்கள் நாங்களே. எழுதும்போது அதை எச்சரிக்கை என்றே எண்ணினோம். வீட்டில் அது ஆயுள் தடையாகப் படிக்கப்படும் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

கெலமங்கலத்திற்கு அப்பால் ஒரு சிற்றூரைச் சேர்ந்தவர் ஒருவர். வயது ஐம்பத்து நான்கு. தொழிற்பேட்டையில் பெட்டிகளைக் கட்டி அடுக்கும் வேலை. பேருந்து நிறுத்தம்வரை ஆறு கிலோமீட்டர் சைக்கிளில் வந்து, வேலை முடிந்து அதே வழியில் திரும்புவது அவருடைய இருபத்தைந்து ஆண்டு வழக்கம். மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, நல்லபடியாகவே வீடு சென்றார். ஏழு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தபோது எடை எட்டுக் கிலோ கூடியிருந்தது, சர்க்கரையும் ஏறியிருந்தது. “நீங்க எழுதிக் கொடுத்ததால சைக்கிளை அன்னைக்கே பூட்டிட்டோம் டாக்டர்” என்றார் அவர் மனைவி, கடமையைச் சரியாகச் செய்தவரின் குரலில். நடக்கலாமே என்று கேட்டோம். “முட்டி விடமாட்டேங்குது சார். சைக்கிள்னா வலி தெரியாது. எந்த ரோட்டுல போகலாம்னு மட்டும் சொல்லுங்க” என்றார் அவர். எங்களிடம் விடை இல்லை. மருந்தின் அளவை மில்லிகிராம் கணக்கில் சொல்லத் தெரிந்த நாங்கள், நோயாளியின் வாசலில் தொடங்கும் சாலை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை அறிந்திருக்கவில்லை.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. பெரியவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம்வரை மிதமான உடலுழைப்பை மேற்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் உடையவர்களுக்கும், உடல் இடங்கொடுக்குமானால், அதே அளவுதான். மிதிவண்டியில் உடலின் எடையை இருக்கை தாங்குவதால், முழங்கால் தேய்மானம் உள்ள பலருக்கு அது நடையைவிட எளிது. பெடல் கீழே வரும்போது கால் ஏறக்குறைய நீளும்படி இருக்கையை உயர்த்திக்கொள்ள வேண்டும். முட்டியை வருத்துவது பெரும்பாலும் தாழ்ந்த இருக்கையே. அரசு பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு விலையின்றி வழங்கும் சைக்கிள்கள், பிள்ளைகள் படிப்பை முடித்தபின், பல வீடுகளில் சுவரோரம் சாய்ந்து கிடக்கின்றன. அவற்றுள் மாணவியருக்கான, குறுக்குக் கம்பி இல்லாத வண்டி ஏறி இறங்க எளிது. எங்கள் நோயாளிகளுக்கு அதைவிடப் பொருத்தமான வண்டியை நாங்கள் கண்டதில்லை.

ஆயினும் சாலையைப் பாராமல் ‘ஓட்டுங்கள்’ என்று சொல்வதும் பொறுப்பற்ற செயலே. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், மேட்டுநிலத்தின் விளிம்பில் இருக்கிறது. ஐம்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள கிருஷ்ணகிரி 500 மீட்டர் அளவில்தான் உள்ளது. அதனால் ஓசூரிலிருந்து கிழக்கிலும் தெற்கிலும் செல்லும் பல சாலைகளில் போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். வெயில் ஏறிய வேளையில், கால்கள் களைத்தபின், இதயம் மேடேற வேண்டியிருக்கிறது. நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் சாலையில், சமதரையில் மெல்ல ஓட்டிய அதே வேகத்தைக் காக்க நான்கு மடங்குக்கும் மேலான உழைப்பு வேண்டும். காரில் போகிறவருக்கு அது மேடாகவே தோன்றாது. எனவே முதலில் ஏறிப் பிறகு இறங்கும் வழியே இதயநோயாளிக்கு உரியது. அவ்வாறு வழி அமையாத ஊரில் குறைந்த தூரத்திலேயே திரும்பிவிட வேண்டும். மேடு வந்தால் இறங்கித் தள்ளுவதில் இழுக்கில்லை. பெடல்மேல் எழுந்து நின்று மூச்சை அடக்கி மிதிப்பது மட்டும் வேண்டாம். அந்நொடியில் இரத்த அழுத்தம் சட்டென உயர்கிறது.

ஏட்டில் படித்ததைச் சொல்வதைவிட ஓட்டிப் பார்ப்பது நல்லது என்று எங்களில் இருவரும் இயன்முறை மருத்துவர் ஒருவரும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் புறப்பட்டோம். (முதல் வாரம் மூவரில் மிகுதியாக மூச்சு வாங்கியவர் இதயநோய் வல்லுநர்தாம்.) ஓசூரிலிருந்து மத்திகிரி வழியாகத் தேன்கனிக்கோட்டை செல்லும் சாலை மேடுபள்ளம் கலந்தது, எனினும் மத்திகிரி கால்நடைப் பண்ணையை ஒட்டிய பகுதி புதிதாகத் தொடங்குவோருக்கு ஏற்றது. ஆங்கிலேயர் ‘குட்டி இங்கிலாந்து’ என்றழைத்த தளியின் பக்கம் கேழ்வரகு வயல்களும் கோசும் ரோஜாப் பசுமைக்குடில்களுமாகக் கண்ணுக்கு இதமானது. ஆனால் மார்கழி, தை விடியலின் குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். அம்மாதங்களில் வெயில் வந்தபின் கிளம்புங்கள். தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் அஞ்செட்டி நோக்கிக் காட்டினூடே இறங்கும் மலைப்பாதையைப் போல் அழகானதொன்றை இப்பகுதியில் நாங்கள் ஓட்டியதில்லை. எங்கள் நோயாளிகளுக்கு அதைப் பரிந்துரைப்பதும் இல்லை. இறங்கியவர் ஏறியாக வேண்டும். இடையில் நெஞ்சு வலித்தால் உதவி வந்து சேர நேரமாகும். கெலவரப்பள்ளி அணைப்பக்கம் ஓட்ட எளிது, எனினும் தென்பெண்ணையில் நுரை பொங்கும் நாள்களில் நாற்றம் தாங்காது. ஆஸ்துமா உள்ளவர்கள் அன்று வேறு பக்கம் செல்லட்டும். கிருஷ்ணகிரியில் இருப்போர் கே.ஆர்.பி. அணைப்பக்கத்துச் சாலைகளை நாடலாம்.

காட்டோரச் சாலைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கேழ்வரகு முற்றும் பருவத்தில் கர்நாடகக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சானமாவுக் காடுகளுக்கு வருகின்றன. இரவில் வயலில் மேய்ந்துவிட்டு அவை சாலையைக் கடந்து காடு திரும்பும் நேரமும், நாம் காலை உடற்பயிற்சி என்று கிளம்பும் நேரமும் ஒன்றே. ஓசையின்றி வரும் சைக்கிளை யானை அறியாது. வளைவுக்கு அப்பால் நிற்கும் யானையை நாமும் அறியோம். வனத்துறை எச்சரித்துள்ள நாள்களில் அச்சாலைகளில் செல்லவே கூடாது.

தேசிய நெடுஞ்சாலை 44 எந்த நோயாளிக்கும் உரியதன்று. ஆனால் யானையையும் லாரியையும் தவிர்க்கும் உரிமை எல்லாருக்கும் சமமாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். விடுமுறை நாள்களில் பெங்களூரிலிருந்து விலையுயர்ந்த வண்டிகளில், தலைக்கவசத்துடன் வருவோர் சாலையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஷிப்டுக்குச் செல்லும் தொழிலாளி தேர்ந்தெடுப்பதில்லை. நிறுவனப் பேருந்துகளும் கிரானைட் லாரிகளும் நெருக்கும் நேரத்தில், ஓரத்து மண்ணில், விளக்கில்லாத வண்டியில் வருகிறார். முன்னவர் செய்வதற்கு உடற்பயிற்சி என்று பெயர். பின்னவர் செய்வதற்கு ஏழ்மை என்று பெயர் வைத்திருக்கிறோம். டிவிஎஸ் 50 மொபெட் 1980-இல் வெளிவந்த ஊர் இது. இன்று மின்சார ஸ்கூட்டர்களும் இம்மாவட்டத்தில் உருவாகின்றன. மோட்டார் வண்டி வாங்கியவர் முன்னேறினார், சைக்கிளில் நிற்பவர் பின்தங்கினார் என்ற எண்ணம் இங்கே ஆழமாக ஊன்றிவிட்டது. ‘இந்த வயசுல அப்பாவைச் சைக்கிள்ல விட்டா ஊர் என்ன சொல்லும்’ என்று மகன்கள் எங்களிடம் கேட்பது இதனால்தான். அப்பாவின் இதயத்துக்கு இருபத்தைந்து ஆண்டுகள் கிடைத்த பயிற்சியை நிறுத்திவிட்டு, ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் அமர்த்திக் கூட்டிவருவதை அன்பு என்று நாங்கள் இனி ஒப்புக்கொள்ளப் போவதில்லை. தொழிற்பேட்டைச் சாலைகளின் ஓரத்தில் சைக்கிளுக்கென ஒரு தடம் ஒதுக்கி, விளக்கும் போட்டால், எங்கள் பிரிவுக்கு வருவோரின் எண்ணிக்கை குறையும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

இதைப் படித்துவிட்டு நாளையே பூட்டைத் திறந்துவிட வேண்டாம். ஸ்டென்ட் வைத்தவர்கள் முதலில் நடக்க வேண்டும். எக்கோவையும் டிரெட்மில் சோதனையையும் பார்த்த பிறகே சைக்கிள். பைபாஸ் செய்தவர்களுக்கு மார்பெலும்பு கூட மூன்று மாதம் ஆகலாம். இதயத்தின் இயக்கம் மிகவும் குறைந்தவர்கள், வால்வு கடுமையாகச் சுருங்கியவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள் எங்களைக் கேளாமல் ஏறக் கூடாது. இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை உண்பவர்கள் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். ஓட்டிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பதே அளவுகோல். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை தரப்பட்டிருந்தால் அது சட்டைப்பையில் இருக்கட்டும். இன்சுலின் போடுகிறவர்கள் சர்க்கரையோ குளுக்கோஸோ எடுத்துச் செல்லுங்கள். ஸ்டென்ட் அடைபடாதிருக்க நீங்கள் உண்ணும் மாத்திரைகளால் இரத்தம் எளிதில் உறையாது. ஆகவே விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயமே இல்லாவிட்டாலும், அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். தலைக்கவசத்தை ஆடம்பரம் என்று ஒதுக்காதீர்கள்.

அறிவுரைச் சீட்டின் அந்த வரியை மாற்றிவிட்டோம். இப்போது அவ்விடத்தில் ஒரு கோடு மட்டும் இருக்கிறது. சாலையின் பெயரையும், எவ்வளவு தூரம் என்பதையும், எந்த நேரம் என்பதையும் உங்களுடன் பேசிக் கையால் எழுதுகிறோம். அடுத்த முறை வரும்போது உங்கள் ஊரில் மேடு எங்கே தொடங்குகிறது என்று பார்த்து வந்து சொல்லுங்கள். கெலமங்கலத்துக்காரர் மகளின் பழைய சைக்கிளில் ஊர் ஏரிக்கரைவரை தினமும் சென்று வருகிறார். கரைக்கு முந்தைய ஏற்றத்தில் இறங்கித் தள்ளுகிறாராம். எடை மூன்று கிலோ குறைந்திருக்கிறது. இருக்கையை இன்னும் உயர்த்தவில்லை என்று சென்ற வாரம் அவர் மனைவி எங்களிடம் புகார் சொன்னார்.