‘அவங்களுக்கெல்லாம் காய்ச்சல் வராதுப்பா!’

ஸ்ரீவில்லிபுத்தூர் ஏரியா ஃப்ரெண்ட்ஸுக்கு வ. புதுப்பட்டியைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வத்திராயிருப்புக்குப் பக்கம். மேற்கே திரும்பினால் மலை. ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறுகிற கூட்டம் தாணிப்பாறைக்குப் போகும்போது அந்தப் பக்க டீக்கடைகளில் காதைக் கொடுத்தால் ஒரு டயலாக் கட்டாயம் விழும். “மலையில இருக்கவங்களுக்குக் கொசு கடிச்சா ஒண்ணும் ஆகாது மாப்ள... அவங்க உடம்பே வேற!”

உடம்பே வேறயா? பாதி உண்மை. மீதிப் பாதிதான் வில்லங்கம்.

மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களின் ரத்தத்துக்குள் அப்படி என்ன இருக்கு என்று சோதித்துப் பார்த்த இடம் நம்ம மாநிலத்திலேயே இருக்கு. நீலகிரி. ஊட்டியில் இருந்து மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவில் பைக்கைச் சாய்த்துச் சாய்த்து இறங்குவீங்களே, அந்தச் சீகூர் மலைப்பாதை ஒரு காலத்தில் மலேரியாவுக்குப் பேர்போனது. கொசுதான் மலேரியாவைக் கொண்டு வருது என்று 1897-ல் செகந்திராபாத்தில் நிரூபித்தாரே ரொனால்ட் ராஸ், அவர் அதற்கு முன்னால் லீவு போட்டுவிட்டு இந்தச் சீகூருக்குத்தான் ஆராய்ச்சிக்கு வந்தார். கொயினா சாப்பிட்டுக்கொண்டே வேலை பார்த்தார். அப்படியும் சில நாளிலேயே குளிர்க்காய்ச்சலில் விழுந்தார்! டாக்டர், ஆராய்ச்சியாளர், கையில் மருந்து... எதுவும் காப்பாற்றவில்லை. சுற்றியிருந்த காட்டில் இருளரும் குறும்பரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துகொண்டு இருந்தார்கள்.

இந்த முடிச்சின் ஒரு நுனி 1952-ல் கிடைத்தது. ஹெர்மன் லேமன் என்ற ஆராய்ச்சியாளரும் மேரி கட்புஷ் என்ற பெண் விஞ்ஞானியும் இருளர், பணியர் உட்பட நீலகிரிப் பழங்குடியினரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். அதுவரை ஆப்பிரிக்கர்களின் சமாசாரம் என்றே நினைத்துக்கொண்டிருந்த ‘சிக்கிள் செல்’ தன்மை இங்கேயும் இருந்தது. வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணு, கதிர் அறுக்கிற பன்னருவா மாதிரி வளைந்துபோகும் தன்மை. இது எப்படி இங்கே வந்தது? அந்தக் கால வழக்கப்படி இனம், குடியேற்றம் என்று பேசினார்கள். மலேரியா பக்கம் யாருக்கும் சட்டென்று பார்வை போகவில்லை.

அந்தப் பக்கம் பார்த்தவர் நம்ம ஜெட் வயசுக்காரர். கென்யாவில் வளர்ந்த டோனி ஆலிசன். 1949-ல், 24 வயசில், ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுத்தார். கடற்கரையிலும் விக்டோரியா ஏரியோரமும் ஐந்து பேரில் ஒருவருக்குக்கூட சிக்கிள் தன்மை. மேட்டு நிலத்தில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. கொசு எங்கே அதிகமோ அங்கேதான் இந்த ஜீனும் அதிகம்! 1954-ல் ஆதாரங்களோடு எழுதினார். முதலில் நம்பாதவர்கள் நிறைய.

மேட்டர் இவ்வளவுதான். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 கண்ணிகள். ஆறாவது கண்ணியில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் உட்கார்ந்துவிடுகிறது. டி.என்.ஏ.வில் ஒரே ஒரு எழுத்துப் பிழை. நமக்கு ஒவ்வொரு ஜீனும் ரெண்டு காப்பி இல்லையா, அப்பாவிடம் இருந்து ஒன்று, அம்மாவிடம் இருந்து ஒன்று. ஒரு காப்பியில் மட்டும் பிழை இருந்தால் ஆள் சாதாரணமாகத்தான் இருப்பார். ஓடுவார், படிப்பார், பரீட்சை எழுதுவார். ஆனால் மலேரியாக் கிருமி அவருடைய சிவப்பணுவுக்குள் புகுந்தால் அந்த அணு சீக்கிரமே வளைந்துவிடும். மண்ணீரல் அதைப் பார்த்ததும் கிருமியோடு சேர்த்துக் காலி செய்துவிடும். ரத்தக்குழாயில் கிருமி ஒட்டிக்கொண்டு மூளை வரை அடைப்பதும் குறையும். கொசு கடிக்கும், கிருமி வரும், காய்ச்சல்கூட வரலாம். ஆனால் ஃபால்சிபாரம் வகைக் கிருமியால் உயிர் போகிற அளவுக்கு முற்றுவதில் இருந்து சுமார் 90 சதவீதம் பாதுகாப்பு என்று ஆப்பிரிக்க ஆய்வுகள் சொல்கின்றன. எந்தத் தடுப்பூசியும் இன்னும் இந்த அளவைத் தொடவில்லை பாஸ்.

அப்போ இது வரம்தானே?

பில் வருது பாருங்க. கணவன், மனைவி ரெண்டு பேருக்கும் ஒவ்வொரு காப்பி பிழை இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தைக்கு ரெண்டு காப்பியும் பிழையாகப் போய்ச் சேர. அந்தக் குழந்தைக்கு அரிவாள் செல் சோகை. வளைந்த அணுக்கள் சின்ன ரத்தக்குழாய்களில் மாட்டிக்கொண்டு எலும்பை முறிக்கிற மாதிரி வலி, ரத்தசோகை, அடிக்கடி ஆஸ்பத்திரி. கூடப் பிறந்தவர்கள் மலேரியாவுக்குத் தப்பியதற்கு இந்தக் குழந்தை காசு கட்டுகிறது. ‘அவங்க உடம்பே வேற’ என்று டீயை உறிஞ்சிக்கொண்டே சொல்கிறோமே, அந்த வேறுபாட்டின் விலை இது. நம் நாட்டுப் பழங்குடிக் குழுக்களில் இந்த ஜீனைச் சுமப்பவர்கள் குழுவுக்குக் குழு 1-ல் இருந்து 40 சதவீதம் வரை. கூடலூரில் ஆதிவாசிகளுக்காக மருத்துவமனை நடத்தும் ‘அஸ்வினி’ அமைப்பு பல வருஷமாக இவர்களைத் தேடிப்போய் வைத்தியம் பார்க்கிறது. 2023 ஜூலை 1-ம் தேதி மத்திய அரசின் அரிவாள் செல் சோகை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. 40 வயது வரை உள்ள 7 கோடிப் பேருக்குப் பரிசோதனை, 2047-க்குள் ஒழிப்பு என்பது இலக்கு. 1952-ல் கண்டுபிடித்த விஷயத்துக்கு 2023-ல் தேசியத் திட்டம். மலைமேல் இருப்பவர்களின் வியாதி கீழே இறங்கி வர 71 வருஷம்!

‘நமக்கென்ன, நாம கீழ்நாட்டு ஆளுங்க’ என்று பக்கத்தைத் திருப்ப வேண்டாம். தலசீமியா தெரியுமா? இதுவும் மலேரியா ஏரியாக்களில் தங்கிப்போன ரத்தப் பிழைதான். அப்படித்தான் இருக்கும் என்று 1949-லேயே ஊகித்தவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். (பின்னாளில் இங்கிலாந்தே வேண்டாம் என்று இந்தியாவுக்கு வந்து இந்தியக் குடிமகனாகவே செத்துப்போன ஜாலியான மனுஷன். அவருக்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்கணும்.) பீட்டா தலசீமியாவைச் சுமப்பவர்கள் இந்தியாவில் நூற்றுக்கு மூன்று நாலு பேர். உங்க கிளாஸில் 60 பேர் என்றால் ரெண்டு பேர் இருக்கலாம். அவர்களுக்கே தெரியாது. நம்ம பக்கம் தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே முடிக்கிற வழக்கம் வேறு. ஒரே தாத்தாவிடம் இருந்து வந்த பிழை ரெண்டு பக்கமும் இருக்க வாய்ப்பு அதிகம். பத்துப் பொருத்தம் பார்க்கிற வீட்டில் பதினொன்றாவதாக ஒரு ரத்தப் பரிசோதனை என்று ஆரம்பித்துப் பாருங்க, பெரியவங்க முறைப்பாங்க. முறைக்கட்டும்.

சரி, ஜீன் இல்லாதவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? அடி வாங்கி வாங்கித்தான். மலேரியா நிறைந்த ஊரில் பிறக்கும் குழந்தை, கிருமியின் ஒவ்வொரு வேஷத்தையும் ஒவ்வொரு காய்ச்சலில் அடையாளம் கற்றுக்கொள்கிறது. ஃபால்சிபாரம் கிருமிக்கு சட்டை மாற்றிக்கொள்ளவே சுமார் 60 ஜீன்கள் இருக்கு! அதனால் பாடம் முடிய வருஷக்கணக்கு ஆகும். முடிப்பதற்குள் பல குழந்தைகள் போய்விடும். பிழைத்தவர்கள் பெரியவர்களானதும் காய்ச்சல் இல்லாமல் நடமாடுவதைப் பார்த்துத்தான் ‘ஒண்ணும் ஆகாது’ என்கிறோம். செத்துப்போன குழந்தைகள் டீக்கடைக் கணக்கில் வருவதில்லையே! இந்த எதிர்ப்பு சக்தியும் நிரந்தரம் கிடையாது. ஊரை விட்டுச் சில வருஷம் வெளியே இருந்தால் குறைந்துவிடும். ஆப்பிரிக்காவில் இருந்து ஐரோப்பாவுக்குப் படிக்கப் போனவர்கள் லீவுக்கு வீட்டுக்கு வந்து மலேரியாவில் படுப்பது இதனால்தான்.

இன்னொரு சுவாரஸ்யம். அந்த மேரி கட்புஷ் இருக்காரே, அவரும் சேர்ந்து 1950-ல் ‘டஃபி’ என்ற ரத்த வகையைக் கண்டுபிடித்திருந்தார். மேற்கு ஆப்பிரிக்கர்களில் பெரும்பாலோருக்கு அது சிவப்பணுவில் இல்லை. அதனால் வைவாக்ஸ் என்கிற இன்னொரு மலேரியாவுக்குக் கதவு கிட்டத்தட்ட மூடியே இருக்கிறது என்பது 1970-களில்தான் தெரிந்தது. மலேரியாவின் ரெண்டு பூட்டையும் தொட்டுப் பார்த்தவர், அவை பூட்டு என்றே அப்போது தெரியாமல்!

நமக்கு அந்தக் கதவு திறந்தே கிடக்கிறது. சென்னையில் ஹாஸ்டல், மேன்ஷன் என்று தங்கப் போகிறவர்கள் கவனிங்க. மொட்டை மாடித் தண்ணித் தொட்டியில் வளரும் கொசு பரப்புவது பெரும்பாலும் இந்த வைவாக்ஸைத்தான். மருந்து போட்டால் மூணு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். ஆனால் கிருமி கல்லீரலுக்குள் தூங்கிக்கொண்டிருந்து மாசக்கணக்கில் கழித்து எழுந்து வரும். அதைக் கொல்லத்தான் 14 நாள் பிரைமாகுயின் மாத்திரை. இங்கேயும் ஒரு ஜீன் குறுக்கே நிற்கிறது. ஜி6பிடி என்ற என்சைம் குறைவாக உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை சிவப்பணுக்களை உடைத்துவிடும். கொரியப் போரில் இருந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் சிலருக்கு அப்படி ஆகி, 1956-ல்தான் காரணம் தெரிந்தது. இந்தக் குறைபாடும் மலேரியா பரவிய நாடுகளில்தான் அதிகம். எக்ஸ் குரோமோசோமில் உட்கார்ந்திருப்பதால் பசங்களுக்குத்தான் ரிஸ்க் கூடுதல்.

ஆகவே ரூம்மேட் மிச்சம் வைத்த மாத்திரையை வாங்கி முழுங்கும் வேலை வேண்டாம். டாக்டர் பிரைமாகுயின் எழுதினால், “ஜி6பிடி டெஸ்ட் பார்த்துடலாமா டாக்டர்?” என்று கேளுங்க. சின்ன ரத்தச் சோதனைதான். மாத்திரை ஆரம்பித்த பிறகு சிறுநீர் கோலா கலரில் போனாலோ, கண் மஞ்சளானாலோ, படி ஏறினாலே மூச்சு வாங்கினாலோ, அடுத்த மாத்திரையைத் தொடாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்க. போகும்போது மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துட்டுப் போங்க.