விஸ்காம் பிள்ளைகளுக்கு நம் ஊரிலேயே வேலை இருக்கிறது

“விஸ்காமா? சினிமாவுக்கா போகப் போகிறாள்?”

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் காட்சித் தொடர்பியல் படிக்கிறாள் என்றால் முதலில் வரும் கேள்வி இதுதான். நர்சிங், பி.எட். என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இந்தப் படிப்புக்கு மட்டும் பெற்றவர்கள் கல்யாணப் பந்தியில்கூடப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

என் தங்கையின் பேத்தி பெரம்பலூர்ப் பெண். வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் இதே படிப்பில் மூன்றாம் ஆண்டு. லீவுக்கு வரும்போதெல்லாம் என்னதான் சொல்லித் தருகிறார்கள் என்று விசாரிப்பேன். அவள் சொன்னவற்றில் சில:

டியூப்லைட் வெளிச்சத்தில் வீடியோ எடுத்தால் படம் மினுக்குகிறதே, அதற்குக் காரணம் 50 ஹெர்ட்ஸில் வரும் நம் மின்சாரம். ஷட்டரை 1/50 நொடிக்கு வைத்தால் மினுக்கல் அடங்கிவிடும். வெள்ளை எது என்று கேமராவுக்கு முதலில் காட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் குண்டு பல்பின் கீழ் எல்லாம் மஞ்சளடிக்கும். வெள்ளைத் தாள் இல்லாத இடத்தில் யாராவது ஒருவரின் வேட்டியே போதும். பேசுபவரின் சட்டையில் மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்த வேண்டும். பேட்டி முடிந்ததும் எல்லோரையும் சும்மா இருக்கச் சொல்லி, அரை நிமிடம் அந்த அறையின் அமைதியைப் பதிவுசெய்ய வேண்டும். வெட்டி ஒட்டும்போது இடைவெளியை நிரப்ப அது வேண்டுமாம். ஒவ்வொரு அறையின் அமைதியும் வேறு வேறு என்பது எனக்குப் புதுச் செய்தி.

“எது கஷ்டம் தெரியுமா தாத்தா? ஒருத்தர் பேசி முடிச்சதும் அடுத்த கேள்வியைக் கேட்காம சும்மா இருக்கிறதுதான்” என்றாள். ஐந்து நொடி பொறுத்தால், சொல்லாமல் விட்டதை அவரே சொல்லிவிடுவாராம். பொறுமையாகக் கேட்கக் கற்றுக்கொடுக்கும் படிப்பு உருப்படியான படிப்புதான்.

எனக்குள்ள குறை வேறு. பன்னிரண்டு பேருக்கு ஒரு கேமரா என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். குறும்படம் எடுக்கச் சொன்னால் அவள் வகுப்பில் பலரும் காதல் தோல்வி, கஞ்சா, பேய் என்று சினிமாவில் பார்த்ததையே சின்னதாக எடுத்துவைக்கிறார்களாம். சொந்த ஊரில் ஒன்று எடுத்து வா என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

அப்படிச் சொல்ல வேண்டும், அதற்கு மார்க்கும் போட வேண்டும் என்பது என் கருத்து. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம் 2004 பிப்ரவரி 1 அன்று தொடங்கிய அண்ணா எஃப்.எம். சுற்றுவட்டாரப் பெண்களுக்கும் நிகழ்ச்சிகளில் இடம் தந்தது. வளாக வானொலியே வாசலைத் தாண்டி மக்களிடம் போகும்போது, பிள்ளைகளின் கேமரா போகக் கூடாதா?

எடுக்க என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் சுமார் 12 கோடி ஆண்டுகளாகக் கிடக்கிறது. அது இன்னும் கிடக்கும். அரும்பாவூர் மரச் சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் வாகை மரத்தில் உளியை எந்தப் பக்கம் சாய்த்துப் பிடிப்பது என்பது சிற்பியின் கையில்தான் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட அவசரமானது ஒன்று உண்டு. 1956 நவம்பர் 23 விடியற்காலை, அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 140-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். மேடைக்கு மேடை பேசப்படுவது அந்த ராஜினாமாதான். அன்று கரையில் நின்றவர்கள் பார்த்தது என்ன, வீட்டில் பேசிக்கொண்டது என்ன? எட்டு வயதில் பார்த்தவர் இப்போது எண்பதை நெருங்கிவிட்டார். கல்மரம் மாதிரி அவர் காத்திருக்க முடியாது.

செல்போனில் நாமே எடுக்கலாமே என்பீர்கள். எடுக்கிறோம். காற்றும் பஸ் ஹாரனும் பேச்சை அமுக்கிவிடுகின்றன, போன் மாற்றும்போது பதிவே போய்விடுகிறது. முறையாக எடுத்து, இரண்டு இடத்தில் பத்திரப்படுத்தத்தான் அந்தப் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

வேலை கிடைக்குமா என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் நேர்காணலில் நூறு காதல் குறும்படங்களுக்கு நடுவே மருதையாற்றைப் பற்றி ஒரு பெண் படம் காட்டினால், நிமிர்ந்து உட்கார்ந்து பார்ப்பார்கள்.

நம் பங்கும் உண்டு. மைக்கைக் கண்டதும் சிலர் மேடைப்பேச்சு ஆரம்பித்துவிடுகிறோம், சிலர் “அதெல்லாம் இப்ப எதுக்கும்மா” என்று எழுந்துவிடுகிறோம். இரண்டும் வேண்டாம். உங்கள் தெருவில் இந்தப் படிப்புப் படிக்கும் பிள்ளை இருந்தால், அடுத்த லீவுக்கு வரும்போது நீங்களே கூப்பிடுங்கள். காபி கொடுத்து உட்காரவைத்து, பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்கள். ஃபேனை மட்டும் நிறுத்திவிடுங்கள், அந்தச் சத்தம் பேச்சை விழுங்கிவிடுமாம்.