பழம் புல்லட்டும் வீட்டுப் பட்டறையும்

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வீட்டிலிருப்பின் அதனை விற்றொழிப்பதே அறிவுடைமை என்று கூறுவார் இன்று பலர். விற்க மனமில்லாதாரோ, சிறு கோளாறு நேரினும் அதனைப் பட்டறைக்குத் தள்ளிச் சென்று, அங்குள்ளார் கேட்டதைக் கொடுத்து மீள்கின்றனர். இவ்விரு சாராரும் ஒரு கருத்தில் உடன்பட்டவரே. வண்டியின் உள்ளமைப்பை அறிதல் தமக்குரிய வேலையன்று என்பதே அக்கருத்து. யான் அதனை மறுக்கின்றேன். பழைய புல்லட் வண்டியைப் பொறுத்தவரை, அன்றாடப் பேணுதலும், கோளாறு நேர்ந்துழிக் காரணங் காண்டலும் உடையவனே தன் வீட்டு வாசலிற் செய்யத்தக்கன என்பது என் துணிபு.

எவ்வண்டியைக் குறித்துப் பேசுகின்றேன் என்பதை முதற்கண் தெளிவாக்குதல் வேண்டும். ராயல் என்ஃபீல்டு புல்லட் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிற் பிறந்தது. புல்லட் என்னும் பெயர் 1932 முதல் வழங்குவது. 1955-ஆம் ஆண்டில் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் அமைந்தது. திருவொற்றியூர் ஆலையில் அவ்வண்டி உருவாயிற்று. நம் புதுச்சேரி, பிரெஞ்சு ஆட்சியினின்று 1954 நவம்பர் 1-ஆம் நாள் இந்திய நிருவாகத்தின்கீழ் வந்ததற்கு மறு ஆண்டு அது. ரெட்டிச் ஆலை 1967-ல் மூடப்பட்டது. தாய்வீடு பாழ்பட்ட பின்னரும் மகள் வீட்டிற் குடி தழைத்தாற்போல, அவ்வார்ப்பிரும்பு எஞ்சின் திருவொற்றியூரில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பெரிய மாறுதலின்றி வெளிவந்தது. 346 சி.சி. கொள்ளளவு, சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் நீளம் 90 மில்லிமீட்டர். விட்டத்தினும் ஓட்டம் மிக்கிருத்தலின் அது விரைந்து சுழலாது. மெல்லச் சுழன்று வலிதாய் இழுக்கும். இருவரையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டு செஞ்சி வழியே திருவண்ணாமலை வரையிலும் அலுப்பின்றிச் செல்வதும், பாகூர் ஏரிக்கரையில் நெல் மூட்டையுடன் ஊர்ந்து வருவதும் அதற்கு ஒன்றே.

இவ்வண்டி பழுதுபடாதது என்று யான் கூறவில்லை. அடிக்கடி பழுதுபடும். ஆயின், அதன் பழுது கண்ணுக்கும் காதுக்கும் கைக்கும் புலனாவது. இக்கால வண்டிகளில் எண்ணெய் செலுத்துவதும் பொறி கொடுப்பதும் மூடிய பெட்டிக்குள் மின்னணுக் கருவியால் நிகழ்கின்றன. அப்பெட்டியோடு பேச வேறொரு கருவி வேண்டும். பழம் புல்லட்டோ வெளிப்படையானது. வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் நோயை அறிந்து, அதன் முதலை அறிந்து, பின்னரே தணிக்கும் வழியை நாடச் சொன்னார். நம் பட்டறைகள் பலவற்றில் இம்முறை தலைகீழாகி, முதலில் உறுப்பை மாற்றுவதும் பின்னர் நோயைத் தேடுவதுமாக உள்ளது.

கிளம்ப மறுக்கும் வண்டியிடம் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்றே. அமுக்கம் உளதா? பெட்ரோல் வருகின்றதா? பொறி உளதா? கிக்கரைக் காலால் அழுத்தும்போது எதிர்த்து நின்றால் அமுக்கம் உண்டு. கார்புரேட்டருக்குச் செல்லும் குழாயைக் கழற்றித் திருகைத் திறந்தால் பெட்ரோல் வரவு தெரிந்துவிடும். பின்னர்ச் சிந்திய பெட்ரோலைத் துடைத்து, குழாயை மாட்டி, சற்றுப் பொறுத்து, பிளக்கைக் கழற்றித் தொப்பியுடன் எஞ்சின் தலைமீது கிடத்திக் கிக்கரை உதைத்தால் பொறி கண்ணுக்குத் தெரியும். (துடைக்காது பொறி பார்த்தல் கூடாது, காரணம் கூற வேண்டுவதில்லை.) கழற்றிய பிளக்கும் ஒரு நாடி போன்றதே. அதன் முனை கரியாயிருப்பின் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருப்பின் காற்று மிகுதி, இளம்பழுப்பாயிருப்பின் நலம்.

பொறியில்லையெனின் பெரும்பாலும் குற்றம் பாயின்ட் என்னும் சிறு உறுப்பினுடையது. இரண்டு உலோக முகங்கள் சேர்ந்து பிரிவதே அதன் தொழில். பிரியும் கணத்திற் பொறி பிறக்கும். விரிந்த நிலையில் அவற்றின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். நாளடைவில் முகங்கள் கருகும், இடைவெளி மாறும். நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, துணியால் துடைத்து, இடைவெளியை அளந்து வைத்தல் கால்மணி நேர வேலை. தேய்த்த சில நாட்களிலேயே மீண்டும் கருகினால் குற்றம் பாயின்டினது அன்று, அதனோடிணைந்த கண்டென்சரினது என்று கொள்க.

இவ்வாறு காரணங் காண்டலின் பயனுக்கு ஒரு சான்று. எங்கள் பெரியப்பாவின் வண்டி வில்லியனூரிலிருந்து புறப்பட்டுக் கரிக்கலாம்பாக்கம் தாண்டி ஏம்பலம் நெருங்கும்போதெல்லாம் இருமி நின்றுவிடும். சற்று நேரம் நிழலில் நிறுத்திவைத்தால் ஒன்றும் நேராதது போலக் கிளம்பும். ஒரு பட்டறையார் காயிலை மாற்றினார், கண்டென்சரை மாற்றினார், கார்புரேட்டரையே புதிதாக்கினார். வண்டி ஏம்பலத்தருகே நிற்பதை மட்டும் விடவில்லை. பின்னொரு நாள் அது நின்றபோது, பெரியப்பா எதையும் தொடாமல் பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திறந்தார். ‘உஸ்’ என்று காற்று உட்சென்றது. வண்டி உடனே கிளம்பிற்று. மூடியிலுள்ள காற்றுத் துளையைச் செம்மண் தூசி அடைத்திருந்தது. தொட்டியிற் பெட்ரோல் குறையக் குறையக் காற்றுப் புகாமையின், பெட்ரோல் இறங்காது நின்றது; நிறுத்திவைத்த நேரத்திற் சிறிது சிறிதாய்க் காற்றுப் புகுந்தது. ஓர் ஊசியால் தீர்ந்த நோய் அது. நிற்கும் இடமும், மீளக் கிளம்பும் நேரமும் ஒரே வகையாயிருத்தலைக் கண்டு, அஃது ஏன் என்று கேட்டவர் அவர் ஒருவரே.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறொரு நோய் தோன்றும். வண்டி முக்கி முனகி ஓடும். காரணம் பகலிற் புலப்படாது. இரவில் விளக்கையணைத்து எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால், வெடித்த பிளக் வயரிலிருந்து நீலப் பொறி எஞ்சின் உடலுக்குத் தாவுவது தெரியும். இருளே இங்கு விளக்காகின்றது.

தொடக்குதலும் ஒரு கலை. முரட்டுத்தனமாய் உதைப்பாரை இவ்வண்டி திருப்பி உதைக்கும். சாவியைத் திருகிக் கிக்கரை மெல்ல அழுத்துக. அம்மீட்டரின் முள் இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்து மீளும். கால் எதிர்ப்பையுணர, முள் நடுவில் நிற்கும் இடத்தில், டீகம்ப்ரஷர் பிடியை இழுத்துக் கிக்கரைச் சிறிதே கடத்தி, பிடியை விட்டு, பின்னர் முழுமையாய் ஒருமுறை உதைத்தாற் போதும். வயது முதிர்ந்தாரும் இவ்வாறு எளிதிற் கிளப்புவதை நம் கிராமங்களிற் காணலாம்.

இனி, எல்லைகளும் உள. டாப்பெட் சரிசெய்தலும், எண்ணெய் மாற்றலும், செயின் இறுக்கமும், கிளட்ச், பிரேக் கம்பிகளும் வீட்டில் அடங்குவன. டாப்பெட்டை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பார்த்தல் வேண்டும்; தள்ளுகோல் விரலால் தடையின்றிச் சுழலவேண்டும், மேலுங்கீழும் ஆடலாகாது. கிராங்கைப் பிரித்தலும், வால்வு இருக்கையைச் செதுக்கலும் தேர்ந்த கைவினைஞர்க்கே உரியன. அவற்றில் துணிதல் அறியாமை. பல பழைய வண்டிகளின் திருகுகள் ஆங்கிலேய அங்குல அளவின. அவற்றை மில்லிமீட்டர் ஸ்பேனரால் திருகித் தலையை மழுக்கிவிட்டு, வண்டியைப் பழிப்பாரும் உளர். நெடுநாள் நின்ற வண்டி கிளம்பியவுடன் வெண்புகை கக்கினால் பிஸ்டன் கெட்டதென்று அஞ்சற்க. தொட்டியறையின் எண்ணெய் கீழறைக்கு இறங்கியிருக்கும். சிறிது ஓடியபின் தெளியும். கழித்த எண்ணெயை மட்டும் வாய்க்காலிற் கொட்டாதிருக்க வேண்டுகின்றேன். பாகூர் ஏரி நீரைக் கொண்டு விளையும் வயல்கள் நம் வாசலுக்கு அப்பால்தான் உள்ளன.

கற்றவர் கையில் கரி படியலாமோ என்பார்க்கு ஒரு சொல். நம் கல்லூரிச் சிற்றாலயத்தில் எவருடைய நிருபங்களை வாசிக்கின்றோமோ, அப்பவுல் அடிகள் கொரிந்து பட்டணத்திற் கூடாரம் தைத்து உண்டவர். அவர் கையிற் கரியில்லாவிடினும் ஊசித் தழும்பு இருந்திருக்கும்.

இக்காலத்து இவ்வறிவு முன்னினும் இன்றியமையாததாயிற்று. பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கு முதலில் 2030-ஆம் ஆண்டுக்கெனக் குறிக்கப்பட்டு, பின்னர் முன்னிழுக்கப்பெற்று, 2025-ல் எய்தப்பட்டது. அதன் நன்மை தீமைகளை ஈண்டு ஆராய்கின்றிலேன். பழம் புல்லட் அதற்கென ஆனதன்று என்பது மட்டும் உறுதி. எத்தனாலில் ஆக்சிஜன் உண்மையின் கலவை காற்று மிக்கதாகி எஞ்சின் சூடேறும். பழைய ரப்பர்க் குழாய்கள் உப்பும். எத்தனால் ஈரத்தை ஈர்க்குமாதலின், மழைக்காலத்தில் அரைத்தொட்டிப் பெட்ரோலுடன் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் நீர் சேரும். குழாய்களை எத்தனால் தாங்குவனவாய் மாற்றுதலும், பிளக் வெளுத்துவரின் ஜெட்டை ஒருபடி பெரிதாக்குதலும், வண்டி நெடுநாள் நிற்குமெனின் கார்புரேட்டரை வடித்து வைத்தலும் தீர்வாகும். இவற்றையெல்லாம் எவர் பார்த்துச் செய்வார்? ஆண்டுக்கொருமுறை வண்டியைக் காணும் பட்டறையாரா, நாள்தோறும் காணும் உடையவரா? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி 15 ஆண்டு கடந்த சொந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கொருமுறை பதிவைப் புதுப்பித்தல் வேண்டும். அப்போது அதிகாரி முன் தகுதியோடு நிற்பதும் இடையறாது பேணப்பட்ட வண்டியே.

நிற்க. 2020 ஏப்ரல் முதற்கொண்டு புதிய புல்லட்டுகளிற் கார்புரேட்டரும் இல்லை. பாயின்டோ அதற்குப் பல்லாண்டு முன்னரே நீங்கிற்று. பாயின்டைக் காதால் கேட்டுச் சரிசெய்யும் கைவினைஞர் வில்லியனூரிலும் பாகூரிலும் இன்னும் சிலர் உளர். அவர்கள் பெரும்பாலும் முதியோர். அவர்கள் கையறிவு எந்நூலிலும் ஏறவில்லை. எஞ்சின் ‘அடிக்கிறது’, ‘இருமுகிறது’, ‘திணறுகிறது’, ‘பிடிக்கிறது’ என அவர்கள் வழங்கும் ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு கோளாற்றைத் தனித்தனியே குறிப்பது. நம் கலைச்சொல் அகராதிகளிலோ அவ்வேறுபாடுகளைக் காண்பதரிது. நம் தமிழ் மன்றத்தார் வரும் விடுமுறையில் நால்வரையேனும் அனுப்பி, அம்முதியோரிடமிருந்து இச்சொற்களையும் அவற்றுக்குரிய நோயையும் தீர்வையும் எழுதிவரச் செய்யலாகாதா? பௌதிகத் துறையார் ஒருவர் உடன் செல்வாராயின் மிக நன்று. அவ்வட்டவணைக்கு அடுத்த ஆண்டு இம்மலரில் நான்கு பக்கங்கள் ஒதுக்குமாறு ஆசிரியர் குழுவினரை இப்பொழுதே கேட்டுக்கொள்கின்றேன்.